சிவப்பு வால்

என் மேசை இழுப்பறையில் ஒரு சிவப்புத் துணிப் பட்டை கிடக்கிறது. ஒரு முனை கடிபட்டு நைந்திருக்கும். எங்கள் ரோபோவின் வால் அது. இடுப்புயரமுள்ள அந்தச் சக்கர வண்டி, யார் கையிலும் ரிமோட் இல்லாமல், தானே பார்த்துத் தானே முடிவெடுத்து ஆளைத் துரத்தும். அது நம்மைத் தொடுவதற்குள் பின்னால் சுற்றி வந்து வாலைப் பறித்துவிட்டால் நாம் ஜெயித்தோம். அதை வடிவமைத்தவர் எங்கள் குழுத் தலைவி. என்னைவிடச் சின்னவர், சந்தவாசல் கிராமத்தில் கரும்பு போடும் வீட்டுப் பெண். எதையாவது பிடித்தால் உடும்புப் பிடிதான்.

ஜவ்வாது மலையில் ஒரு பள்ளி மைதானத்தில் அதைக் கடைசியாகச் சோதிக்கப் போனோம். பிள்ளைகள் விரும்பி ஆடினால் ஆட்டம் பிழைக்கும். இல்லையென்றால் அதை மூடிவிட்டு, ரோபோவைக் கிடங்கில் பெட்டி இழுக்க அனுப்பிவிடுவதாக அலுவலகம் சொல்லியிருந்தது. முதல் நாளே மைதானம் கூச்சலும் கும்மாளமுமாக இருந்தது. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. தலைவி மட்டும் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியை இடுப்பில் வைத்திருந்த ஒரு சிறுமி ரோபோவின் முன்னால் போய் நின்றாள். அது அவளை ஒதுக்கிவிட்டுப் போனது. ஓடிப் பார்த்தாள், அப்போதும் துரத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் புளியமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

நகரத்து அலுவலகத்தில் வெறுங்கையோடு ஓடியவர்களைக் காட்டித்தான் ரோபோவைப் பழக்கியிருந்தோம். இடுப்பில் இன்னொரு தலை முளைத்த உருவம் அதன் கணக்கில் ஆளே இல்லை, ஏதோ மரம் மட்டை. இந்த மலையிலோ பெற்றவர்கள் சாமைக் கொல்லைக்குக் கிளம்பினால் தம்பி தங்கைகள் அக்காவின் இடுப்புக்கு வந்துவிடுவார்கள்.

மேலாளர் போனில் சுலபமாக வழி சொன்னார். குழந்தையை இறக்கி வைத்துவிட்டு ஆடச் சொல்லுங்கள் என்றார். தலைவிக்கு முகம் சிவந்தது, ஆனால் குரல் உயரவில்லை.

“அவ இறக்க மாட்டா சார், நாமதான் மாத்தணும். எங்க வூட்ல நானும் தம்பிய இடுப்புல வெச்சினுதான் ஆடினேன். யாரும் என்னை வெளிய நிக்க வெக்கல.”

மறுநாள் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் கேமரா முன் ஓடினார்கள். தம்பி இல்லாத ஒருவன் ஆட்டுக்குட்டியைத் தூக்கி வந்தான். அதையும் பதிவு செய்துகொண்டோம். ஆட்டத்தைப் பார்த்து முடிவு சொல்ல மேலாளர் நேரில் வருவதற்குள் ரோபோவைத் திரும்பப் பழக்கினோம். குழந்தை வைத்திருப்பவரை அது தொடக் கூடாது, ஒரு கை தூரத்தில் நின்று விளக்கை எரித்தாலே தொட்டதாகக் கணக்கு என்று விதியையும் தலைவி மாற்றினார்.

மேலாளர் வந்த அன்று தலைவியே மரத்தடிக்குப் போய் அந்தச் சிறுமியைக் கூப்பிட்டார். “வா கண்ணு, இப்ப உன்ன வுடாது பாரு.”

ரோபோ அவளைப் பார்த்துத் திரும்பியது. பிறகு துரத்தியது. அவள் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடி, வளைந்து அதன் பின்னால் வந்தாள். இடுப்பிலிருந்த தம்பிதான் கை நீட்டி வாலைப் பிடுங்கினான். பிடுங்கிய கையோடு வாயில் வைத்துக் கடித்தான். மேலாளரே கை தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆட்டம் பிழைத்தது.

தலைவி இப்போது வேறு ஊரில், வேறு வேலையில். அவர் நாற்காலியில் நான் இருக்கிறேன். போன வாரம் முதியவர்களுக்கான ஆட்டத்தைச் சோதித்தோம். கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவரை ரோபோ கண்டுகொள்ளவே இல்லை. தடியை ஓரமாக வைத்துவிட்டு ஆடச் சொல்லலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். நான் இழுப்பறையைத் திறந்து, கடிபட்ட வாலை எடுத்து ரோபோவில் கட்டினேன்.

“அவர் வைக்க மாட்டார். நாமதான் மாத்தணும்” என்றேன்.

பெரியவர் தடியை ஊன்றியபடி அந்த வாலையே பார்த்துக்கொண்டு நின்றார்.