பழுப்பாகிப்போன கூலன்ட்

இரண்டு வருடத்துக்கு முன்பு, தீபாவளி முடிந்த மறுவாரம், மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

காபி குடித்ததும் காரின் பானெட்டைத் தூக்கிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் எண்ணாமல், சரிபார்க்காமல் விட மாட்டேன். விருந்தாளிகள் போனதும் ஸ்பூன்களை எண்ணுகிறவர் என்று என் மாமனார் வீட்டில் எனக்குப் பெயர் உண்டு.

அன்றைக்கு, எஞ்சின் சூடாகாமல் காக்கும் கூலன்ட் இருக்கிற டப்பாவைப் பார்த்ததும் திக்கென்றது. வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. உள்ளே எப்போதும் ரோஸ் நிறம் தெரியும். இப்போது ஆறிப்போன டீயைப் போலப் பழுப்பாக இருந்தது. அடியில் கசடு.

கார் முந்தின நாள்தான் திரும்பி வந்திருந்தது. பேரனுக்கு மொட்டையடிக்க மகளும் மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும் அதில் மாதேஸ்வரன் மலைக்குப் போயிருந்தார்கள். ஐந்து பேர் உட்காரும் காரில் ஏழு பேர். அவர்களிடம் ஸ்கூட்டர் மட்டும்தான், அதனால் கேட்டதும் கொடுத்தேன்.

கூலன்டில் எஞ்சின் ஆயில் கலந்தாலும் நிறம் மாறும். அதுதான் பெரிய செலவு. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். வெண்ணெய் போல எதுவும் படியவில்லை. ஆயில் அளக்கும் கம்பியும் சுத்தமாக இருந்தது. டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி டம்ளரில் விட்டு வெயிலில் வைத்தேன். மேலே எண்ணெய் மிதக்கவில்லை. அப்படியானால் யாரோ வேறு எதையோ ஊற்றியிருக்க வேண்டும்.

இரவு எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த மாப்பிள்ளை பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தார். கேட்டேன்.

"நான் பானெட்டையே தொறக்கலீங்க மாமா."

"பின்ன யாரு ஊத்தினது?"

"கடைக்காரன் வேற டப்பாவைக் குடுத்திருப்பான். நீங்களே பாக்காம ஊத்தீட்டு மறந்திருப்பீங்க. வயசானா எல்லாருக்கும் வர்றதுதானுங்களே."

மகள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் குழந்தையின் சட்டையை உதறி உதறி மடிப்பு எடுத்தாள்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "எரடு பண்ண மிக்ஸ் ஆகிதே சார்" என்றார். ரோஸும் பச்சையும், இரண்டு நிறமும் கலந்துவிட்டதாம். முழுவதும் கழுவி மாற்றிக் கொடுத்தார். கார் சரியாகிவிட்டது. நான்தான் சரியாகவில்லை.

ஷெட்டில் பாதி கேன் ரோஸ் கூலன்ட் இருந்தது. முன்பு அது எந்த அளவில் இருந்தது என்று யோசித்தேன், நினைவு வரவில்லை. ஒருவேளை வேறு கேன் வாங்கினேனோ? கேஸை அணைத்தேனா, மாத்திரை போட்டேனா என்று இரண்டு தடவை பார்க்க ஆரம்பித்தேன். பெங்களூரில் இருக்கும் மகனுக்கு விஷயம் போய்விட்டது. போனில் சொன்னான், "இன்னிக்குக் கூலன்ட மாத்தி ஊத்தினீங்க. நாளைக்கு பிரேக்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சா? போதும்பா, வித்துடலாம்."

என் மனைவிக்கு முழங்கால் மடங்காது. ஆட்டோவில் ஏற முடியாது. எங்கள் காரின் முன் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினால்தான் காலை நீட்டி உட்காருவாள். வாரம் ஒரு முறை அப்படித்தான் நஞ்சன்கூடு வரை போய்வருவோம். அவளுடைய வெளியுலகம் அவ்வளவுதான். அதைச் சொல்லிப் பார்த்தேன். "டாக்சி இருக்கில்ல" என்றான். மறதிக்காரன் பேச்சு யார் காதில் ஏறும்? காரை விற்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வாங்க வந்தவர் ஸ்டெப்னி டயரைப் பார்க்க வேண்டும் என்றார். டிக்கியைத் திறந்து டயரைத் தூக்கினேன். அதன் குழிக்குள் ஒரு பிளாஸ்டிக் கேன் கிடந்தது. கழுத்தில் பச்சை நிறம் காய்ந்திருந்தது. ஹனூர்க் கடை ஒன்றின் ஸ்டிக்கர். ஹனூர், மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர். நான் அந்தப் பக்கம் போய்ப் பல வருடம் ஆகிறது.

அவரை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் மகளுக்குப் போன் செய்தேன். கேன் என்றதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏத்தத்துல கொதிச்சுப் போச்சுப்பா. ஏசி போட்டிருந்தோம். ஒரு லாரிக்காரர்தான் தண்ணி ஊத்தி மெதுவா எறக்கிவிட்டாரு, கீழ வந்து அத வாங்கி ஊத்தினாங்க. வேண்டுதலுக்குப் போற வழியில தடங்கல்னு வெளிய சொன்னா பலிக்காதுன்னு அத்தை சத்தியம் வாங்கிட்டாங்க."

"சரி. எனக்கு மறதின்னு அவர் சொன்னப்ப?"

"அதுக்குள்ள பேச்சு வேற பக்கம் போயிடுச்சுப்பா."

பிறகு அவளே, "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. அவங்களுக்கு அசிங்கமாயிடும்" என்றாள்.

எனக்கு எதுவும் அசிங்கமாகவில்லை என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

சாவியைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் ஏன் என்று மகன் கேட்பான். சொன்னால் மகள் அந்த வீட்டில் வாழ வேண்டியவள். சொல்லாவிட்டால் நான் மறதிக்காரன். வாசலுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தேன். மனைவி ஜன்னலில் நின்று பார்த்தாள். உள்ளே வந்து விஷயத்தை அவளிடம் மட்டும் சொன்னேன். "விடுங்க, புள்ளைக்கு முடி நல்லா எறங்குச்சில்ல" என்றாள். நஞ்சன்கூட்டைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

மாப்பிள்ளை இப்போது ஒரு கார் வாங்கியிருக்கிறார். போன மாதம் வந்தபோது, "மாமா, கண்ணாடிய மறக்காம எடுத்துக்குங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். மகளும்தான்.

என் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை என்பதற்கு அந்தப் பச்சைக் கேன் இன்னும் ஷெட்டில் சாட்சியாக இருக்கிறது. ஆனாலும் இரவில் கேஸை அணைத்துவிட்டுப் படுத்த பிறகு இன்னொரு தடவை எழுந்து போய்ப் பார்க்கிறேன், அந்த இரண்டாவது தடவை மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை.