திரும்பி வந்த தட்டு

கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறாள் தனலெட்சுமி. ஜன்னலோரம் உட்காரும் சிறுமி அனம் மாதம் ஒருநாள் வரமாட்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றும் நாள். மறுநாள் கன்னத்தில் நிறத்தோடு ஏறுவாள். நாள் போகப் போக, வேன் கண்ணாடியில் அந்த முகம் வெளுத்துக்கொண்டே வரும்.

அனத்தின் பெற்றோருக்கு ஒரு நோயும் இல்லை. இருவர் ரத்தத்திலும் தலசீமியா ஒளிந்திருந்தது; இரண்டும் சேர்ந்து பிள்ளைக்கு நோயாகிவிட்டது, அவ்வளவுதான்.

தனலெட்சுமியின் மகள் மாதவிக்கும் அது இருப்பது படிவம் நான்கில், பள்ளியில் ரத்தம் எடுத்தபோது தெரிந்தது. "கேரியர்தான், நோயாளி இல்ல" என்று அன்று நர்ஸ் சொன்னதை, பல வருடம் கழித்துப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் தனலெட்சுமி அப்படியே ஒப்பித்தாள். காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. அவர்களில் சுபாங் ஜெயா மாப்பிள்ளையின் அம்மா மட்டும் போன் செய்து, "பொண்ணுக்கு ரத்தம் கெட்டுப்போச்சாமே" என்று துக்கம் விசாரித்தாள்.

இனி வெளியாள் வேண்டாம். ரவாங்கில் அண்ணன் வேலாயுதம் இருக்கிறார். அவர் மகன் ஜீவன் முறைமாப்பிள்ளை. சொந்தத்துக்குள் முடித்தால் கேள்வி இராது.

"சொந்தம்னாதான்மா பயமே" என்றாள் மாதவி. "இது உங்கிட்டேருந்து வந்திருந்தா மாமாவுக்கும் இருக்கலாம், ஜீவனுக்கும் இருக்கலாம். மொதல்ல நீ செக் பண்ணு."

"இது உங்கப்பா வீட்டுச் சரக்கு."

செத்தவர் மறுத்துப் பேச வரமாட்டார். ஆனாலும் கிளினிக்குக்குப் போய் ரத்தம் எடுக்கக் கையை நீட்டினாள். அவளிடமிருந்துதான் வந்திருந்தது.

பேசி வைத்த ஞாயிற்றுக்கிழமை பழத்தட்டோடு ரவாங் போனாள். தட்டை வைத்ததும் விஷயத்தைச் சொன்னாள். அண்ணி எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள்.

"மெதுவா பேசு" என்றார் வேலாயுதம். "அடுத்த மாசம் நம்ம மக வாணிய பொண்ணு பாக்க வராங்க."

"ஜீவனுக்கு ஒரு டெஸ்ட் மட்டும் எடுத்துருண்ணே. வாணிக்கும்தான்."

"எடுத்தா இருக்குன்னு வரும் லா. எடுக்கலைன்னா இல்ல." தட்டைத் தன் பக்கம் நகர்த்தினார். "தனம், மாதவிய ஒரு கேள்வி கேக்காம எடுத்துக்கறேன். நீ வாயத் தொறக்காத. அவ்வளவுதான்."

அவள் கேட்டு வந்ததும் அதுதான். சரி என்று சொல்ல வாயெடுத்தாள். வேன் கண்ணாடியில் வெளுத்துக்கொண்டே வரும் அனத்தின் முகம் நினைவில் வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போனா இந்த வாசல மிதிக்காத" என்றார் அண்ணன்.

வேன்வரை ஓடிவந்தாள் வாணி. புது ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். "என்ன அத்த, தட்டோட போறீங்க? சண்டையா?"

வாயைத் திறக்காதே என்ற அண்ணனின் குரல் இன்னும் காதில் இருந்தது. ஜன்னலோர இருக்கையில் தட்டை வைத்தாள் தனலெட்சுமி.

"ஒண்ணுமில்லம்மா. நாள் சரியில்ல."

"அப்ப எனக்கு மட்டும் நாள் பாத்திருக்காங்களாக்கும்" என்று சிரித்தாள் வாணி.

தனலெட்சுமி வேனை எடுத்தாள். தெரு முனைவரை கண்ணாடியில் வாணி கையாட்டிக்கொண்டே நின்றாள்.