சாரம் கட்டுபவர் தைத்த சட்டை

தோஹாவில் ஒரு சமூகக் கல்லூரியின் வெள்ளிக்கிழமைத் தையல் வகுப்பில் அவர் ஒருவர்தான் ஆண். நான் அங்கே அலுவலக வேலைகளுக்கு உதவி வந்தேன். அவர் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுபவர். அகலமான தோள்கள், காய்த்துத் தடித்த விரல்கள். தொழிலாளர் கேம்பிலிருந்து வந்தாலும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. முழங்கால் வலியோடு இனி உயரம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல் சான்றிதழ் வாங்கினால் சீருடை தைக்கும் பிரிவுக்கு மாற்றுவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

எதைத் தைத்தாலும் இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பார்.

“அண்ணே, சட்டை மேல ஏறியா நிக்கப்போறீங்க?” என்று பக்கத்து மெஷின் பெண் கேலி செய்வாள்.

“கட்டுன கைதாம்மா முதல்ல இழுத்துப் பாக்கணும்” என்று சிரிப்பார்.

கடைசித் தேர்வில் நேரத்துக்குள் சட்டையை முடித்துவிட்டார். டீச்சர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். இவர் கொடுக்காமல், சட்டையின் கையைப் பிடித்து இழுத்தார். அக்குளில் தையல் பிரிந்தது.

டீச்சருக்கே மனசு கேட்கவில்லை. “பாக்க நல்லாத்தானே இருந்துச்சு! அப்படியே குடுத்திருந்தா பாஸ் போட்டிருப்பேனே.”

“தெரியும் டீச்சர். ஆனா போட்டுக்கிட்டுப் போறவன் சைட்டுல கையைத் தூக்குவான்ல?”

திரும்பத் தைக்க நேரம் இல்லை; அவர் தேறவில்லை. அடுத்த தேர்வுவரை மூன்று மாதம், அந்த முழங்காலோடு அவர் சாரம் ஏறியாக வேண்டும். அது தெரிந்தும் அந்தச் சட்டையை அவரால் எப்படி இழுக்க முடிந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.