கிரில்காரர் மகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிய கதை

எங்கள் வெல்டிங் பட்டறைக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர். கேட்டும் படிக்கட்டுக் கைப்பிடியும் என் வேலை. ஜன்னல் கிரில் அவன் வேலை. ஊரே அவனைக் கிரில்காரர் என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயர் அவன் வீட்டுக்காரிக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

அவன் அளவெடுக்கிற விதமே தனி. டேப்பைப் பிரிப்பதற்கு முன்னால் தன் தலையை ஜன்னலுக்குள் விட்டுப் பார்ப்பான். தலை நுழைந்த இடத்தில் திருடன் உடம்பும் நுழையும் என்பது அவன் கட்சி. வீட்டுக்காரர்கள் காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்பார்கள். "காத்து எந்தச் சந்துலயும் வரும், கவலைப்படாதீங்க" என்று சொல்லி, கேட்டதற்கு மேல் இரண்டு கம்பி சேர்த்து வைத்துவிட்டு வருவான். பயத்தை விற்கிறவன் கடைக்குப் பூட்டுப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்தவன் வீட்டுக்கே இப்படி என்றால், மூன்றாவது மாடியில் இருக்கிற அவன் வீட்டைக் கேட்க வேண்டுமா? ஜன்னலுக்கு, பால்கனிக்கு, குளியலறையில் ஆவி போகிற ஓட்டைக்குக்கூட கிரில். வாசலில் மரக்கதவு, அதற்கு முன்னால் இரும்புக் கதவு, அதன் சாவி அவன் இடுப்பில். பட்டறைக்கு வரும்போது வெளியே பூட்டிவிட்டு வருவான். மகள் பள்ளிக்கூடம் போகவும் வரவும் நேரத்துக்குப் போய்த் திறந்துவிடுவான். கடை கண்ணிக்கு அவனே போவான். "உன் வீட்டுல திருடறதுக்கு என்னடா இருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன். பொண்டாட்டி, பிள்ளை இருக்கிறார்களே என்றான்.

அந்தப் பிள்ளைதான் பதினேழு முடிந்த கையோடு பட்டாளத்தில் சேரப்போகிறேன் என்றது. மூடி போட்ட பானைதானே முதலில் பொங்கும்.

பதினெட்டு முடியாதவர்களுக்கு அப்பா, அம்மா இரண்டு பேரும் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மாதக் கடைசிக்குள் போடாவிட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் என்பது அவளுக்கு எப்போதும் இல்லை என்பதற்குச் சமம். அதற்குள் அவள் அப்பன் ஏதாவது ஒரு ஆபீசில் அவளை நாற்காலியோடு சேர்த்து வெல்டு வைத்துவிடுவான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மாமா, அப்பா உங்க பேச்சைத்தான் கேப்பாரு" என்று பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பட்டறைக்கே வந்து நின்றாள். இத்தனை வருஷக் கூட்டில் அவன் என் பேச்சை ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் நம்பி வந்த பிள்ளையிடம் அதைச் சொல்ல வாய் வருமா?

நாட்டுக்குச் சேவை என்று ஆரம்பித்தேன். நாட்டுக்கு நானும்தான் கிரில் போடுகிறேன் என்றான். சம்பளம், பென்ஷன் என்றேன். பென்ஷன் வாங்குவதற்கு உசுரு வேண்டும் என்றான். ஊரே பெருமையாகப் பேசும் என்றேன். அப்படியானால் உன் மகனை அனுப்பேன் என்று மடக்கினான். என் மகனைக் காலையில் எழுப்புவதற்கே ஒரு பட்டாளம் வேண்டும். நான் வெல்டிங் ராடைக் கையில் எடுத்தேன்.

அவன் மனைவியிடம் போனால், அவர் போட்டால் நானும் போடுகிறேன் என்றாள். இவனிடம் வந்தால், அவள் போடட்டும், பிறகு பார்க்கலாம் என்றான். பெண் நடுவில் கிடந்து பந்தாக உருண்டாள்.

அந்தச் சமயத்தில் ஊருக்கு வெளியே இருக்கிற பயிற்சி முகாமில், பெற்றவர்கள் வந்து சுற்றிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் ஒதுக்கினார்கள். வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தான். "பார்க்காமலே அளவு சொல்ற ஆளாடா நீ?" என்றேன். ரோஷம் வந்துவிட்டது. மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

முகாமில் ஒரு அதிகாரி ஒழுக்கம், தியாகம், வீரம் என்று நன்றாகத்தான் பேசினார். இவன் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவன் கண் பெண்கள் தங்குகிற கட்டடத்தின் மேல் இருந்தது. கூட்டத்தை விட்டு நழுவிப் போய் ஒரு ஜன்னலில் தலையை விட்டுப் பார்த்தான். நுழையவில்லை. இரண்டு ஆள் உயரச் சுவர், அதற்கு மேல் சுருள் சுருளாக முள்கம்பி, கேட்டில் துப்பாக்கியோடு காவல். எல்லாவற்றையும் தொட்டும் தட்டியும் பார்த்துவிட்டு அதிகாரியிடம் வந்தான்.

"ராத்திரியில வெளியாள் யாரும் உள்ள வர முடியாதுங்களே?"

"வரவும் முடியாது, போகவும் முடியாது."

அவன் கல்யாணத்தன்றுகூட அவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது, வேலை என்றால் அதுதான் வேலை, நாமெல்லாம் என்னத்தைச் செய்கிறோம் என்று வழியெல்லாம் புகழ்ந்தான். ஊரிலேயே பாதுகாப்பான இடம் அதுதான் என்று முடிவே கட்டிவிட்டான். உள்ளே வைத்துப் பழக்குவது வெளியே சண்டைக்கு அனுப்பத்தானே என்று சொல்ல நான் வாயெடுத்தேன். பெண் என் காலை மிதித்தாள். நல்ல அழுத்தமான மிதி. பட்டாளத்துக்கு ஏற்ற கால்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கையெழுத்துப் போட்டு, பேனாவை மனைவியிடம் நீட்டினான். அவள் வாங்கி மேஜைமேல் வைத்தாள். போடமாட்டேன் என்றாள்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் முள்கம்பியின் பெருமையை எடுத்துவிட ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவ போறதுல எனக்கு ஒரு பயமும் இல்லைங்க. அவளுக்காகத்தான் காலையும் சாயங்காலமும் கதவைத் திறக்கறீங்க. அவ போயிட்டா எதுக்காகத் திறப்பீங்க?"

உன் பாதுகாப்புக்காகத்தான் என்று இழுத்தான். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, வேண்டுமானால் நீயே ஒன்று வைத்துக்கொள் என்றான்.

"சாவி வேண்டாம். இந்த இரும்புக் கதவு போகட்டும். அண்ணே, நீங்களும் சாட்சி. கதவு கீழ இறங்கினா நான் கையெழுத்துப் போடறேன்."

மாதக் கடைசிக்கு ஒரு நாள்தான் மிச்சம். மகள் அப்பன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கதவைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். பிறகு என்னிடம், "பட்டறையில இரும்பு அறுக்கற கிரைண்டர் சும்மாதானே கிடக்கு?" என்றான்.

கீலை அவனே அறுத்தான். பொறி பறக்க அறுத்த சத்தத்தில் மாடிப்படியெல்லாம் ஆள் கூடிவிட்டது. திருடன் வந்தானா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். இல்லை, மகள் பட்டாளத்துக்குப் போகிறாள் என்று பதில் சொன்னான். அந்த மனிதர் இரண்டையும் முடிச்சுப் போட முடியாமல் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

கதவை நானும் அவனும் தூக்கிச் சுவரில் சாய்த்தோம். அவன் மனைவி நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். மகள் மை காய்வதற்குள் தாளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அவன் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். எங்கே போகிறாய் என்று கேட்க அவன் வாயைத் திறந்தான். மகள் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டான்.