பெயர் சுரண்டிய தட்டு

இசைத்தட்டை விளக்குக்கு நேராகப் பிடிக்கமாட்டாள் நூபியா எஸ்கோர்சியா. வெளிச்சம் அதன் மேல் வழுக்கி ஓடும்படி பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பாள். பாட்டு முடியும் இடத்துக்கும் நடுவே ஒட்டிய தாளுக்கும் இடையில் வழவழப்பான ஒரு வளையம் உண்டு. தொழிற்சாலை கீறிய எண் அங்கேதான் இருக்கும். எண் தெரிந்தால் வருஷம் தெரியும்.

தாளிலேயே படித்துக்கொள்ளலாமே என்றால், இந்தப் பாரன்கீயா நகரில் அது நடக்காது. அவளுடைய அப்பா செர்வாந்தோ பிக்கோ வைத்திருந்தவர். ஆளைவிட உயரமாக நிற்கும், புலி வரைந்த ஒலிபெருக்கிப் பெட்டி அது. தெரு நடனத்தில் கூட்டத்தை இழுக்கும் பாட்டு இன்னதென்று எதிராளிக்குத் தெரிந்துவிடக் கூடாது. அதனால் எல்லாப் பிக்கோக்காரர்களையும் போல அவரும் பிளேடால் பெயரைச் சுரண்டிவிடுவார். உயிருக்குயிரான தட்டுகளில் எண்ணின் மேல் மனைவியின் சிவப்பு நகப்பூச்சையும் தடவி வைப்பார். பிப்ரவரியில் அவர் இறந்தபோது மகளுக்கு வந்தவை பெயரில்லாத தட்டுகள்.

நூபியா மருத்துவமனைகளில் எக்ஸ்ரே கருவிகளைப் பழுதுபார்ப்பவள். முடுக்கிய திருகின் மேல் அவளும் ஒரு சொட்டு சிவப்பு நகப்பூச்சு வைப்பாள். பார்த்தாயிற்று, இனி யாரும் கை வைக்காதே என்று அர்த்தம். அவள் நகங்களில் பூச்சு கிடையாது. அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. ஞாயிறுதோறும் தட்டுகளோடு உட்கார்ந்துவிடுகிறாள். நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன் பட்டால் தட்டும் கரைந்துவிடும். பல்குச்சியால்தான் பூச்சைப் பெயர்க்கிறாள். வருஷம் கிடைத்ததும் ஊசியை வைப்பாள். முகம் மாறாது. செருப்பைக் கழற்றிய இடது குதிகால் மட்டும் தரையில் தாளம் போடும்.

"சத்தத்தக் கூட்டுடி நூபியா! உங்கப்பா போனாரு, கூடவே பாட்டும் போயிருச்சா?" என்று எதிர்வீட்டு யாதிரா கத்துவாள். இவளும் கூட்டுவாள்.

ஒரு தட்டுதான் மிச்சம். எழுபத்தைந்தாம் வருஷக் கார்னிவல் திருவிழாவுக்குக் கப்பல்காரன் ஒருவன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து தந்ததாக அப்பா சொன்ன தட்டு. இந்தத் தெருவில் அதை முதலில் போட்டது யார் என்று அவருக்கும் இன்னொரு பிக்கோக்காரரான தார்கினோவுக்கும் அப்பா சாகும்வரை வாய்ச்சண்டை. துக்கம் கேட்க வந்த இடத்திலும் அந்தக் கிழவர், "நல்ல மனுஷன். ஆனா முதல்ல போட்டது நான்தான்" என்றார். அப்பா பொய்யர் என்ற பேச்சு நிலைக்கக் கூடாது. எண்ணை வைத்தே நிரூபிப்பதென்று அன்றே நூபியா முடிவுசெய்துவிட்டாள்.

போன ஞாயிறு தார்கினோ தன் தட்டோடு வந்தார். அதிலும் பெயர் சுரண்டியிருந்தது. எண்ணின் மேல் தார் பூசியிருந்தது.

"பெயர்த்துப் பாரு, மகளே. எனக்கும் கப்பல்லதான் வந்துச்சு. உங்கப்பா என்னப் பாத்துதான் தேடிப் புடிச்சாரு."

"எண் பொய் சொல்லாது மாமா. அப்புறம் முரண்டு பண்ணக் கூடாது."

"நானா? நீ செர்வாந்தோ மகளாச்சே, நீ பண்ணாம இருந்தா சரி!"

பல்குச்சி நகர்ந்தது. முதலில் அப்பாவின் எண், பிறகு கிழவரின் எண். இரண்டும் ஒன்றே. ஆப்பிரிக்கப் பாட்டுதான், ஆனால் தட்டு இதே நாட்டு மெதயீன் நகரத் தொழிற்சாலையில் அழுத்தியது. அந்த வரிசை எண்களை மற்றத் தட்டுகளில் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடம். வருஷம் எழுபத்தெட்டு. அந்த வருஷம் எந்தக் கடையிலும் கிடைத்திருக்கும். கப்பலும் இல்லை, கப்பல்காரனும் இல்லை. கடைத்தெருவில் வாங்கிய ஒரே தட்டை இருவரும் ஆயுள் முழுக்க ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்திருக்கிறார்கள்.

"என்னம்மா போட்டிருக்கு?" கண்புரை படர்ந்த கிழவரால் படிக்க முடியாது. கைத்தடி மேல் இரண்டு கைகளையும் வைத்து முன்னால் குனிந்தார். "யாரு முதல்ல?"

நூபியா அப்பாவின் தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தாள். கித்தார் எழுந்தது. எதிர்வீட்டில் யாதிரா கை தட்டினாள். கிழவரின் முழங்கால் ஆடத் தொடங்கியது.

அவள் கருவிப்பையைத் திறந்து சிவப்புப் புட்டியை எடுத்தாள். கிழவரின் தட்டில், எண்ணின் மேல், ஒரு சொட்டு வைத்து, எண் மறையும்படி சீராக இழுத்தாள். பிறகு தூரிகையைக் கையில் பிடித்தபடி, குதிகாலால் தாளம் போட்டுக்கொண்டு, அப்பாவின் தட்டு முடியக் காத்திருந்தாள்.