இரண்டாவது திறப்பு

மகள் சைக்கிளை ஸ்டேசனில் விட்டுவிட்டு ரயிலில் வேலைக்குப் போகிறாள். இன்று அவளுக்குப் பூட்டு வாங்க மானிப்பாய்க்குப் போனேன்.

"இதை உங்களைத் தவிர ஆரும் திறக்கேலாது, அண்ணை. வீட்டிலையும் தூணோடை சேர்த்துப் பூட்டுங்கோ" என்றார் கடைக்காரர்.

"அவசரமெண்டு அயலுக்கை ஆரும் வந்தாலும் திறக்கேலாதோ?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், பெற்றோல் இல்லை. காயப்பட்டவர்களும் சைக்கிளில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அப்பா முற்றத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு, திறப்பை, அதுதான் சாவியை, வாசல் படலையடி ஆணியில் கொழுவிவிடுவார். ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் அது தெரியும்.

"பூட்டு கள்ளனுக்கு. திறப்பு அயலுக்கு" என்பார்.

ஒருநாள் ஷெல்லடி ஓய்ந்து பங்கரை விட்டு வெளியே வந்தால் சைக்கிளைக் காணவில்லை. பின்னேரம் அது படலையில் சாத்தியிருந்தது. திறப்பு ஆணியில் தொங்கியது. கரியரை யாரோ கழுவியிருந்தார்கள். தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

யாரை ஏற்றிப் போனார்களோ தெரியாது. அப்பா சைக்கிளைப் பூட்டி, திறப்பை அதே ஆணியில் கொழுவினார்.

இன்று வாங்கிய பூட்டுக்கும் இரண்டு திறப்பு. ஒன்று மகளிடம். மற்றதைக் கொழுவ ஆணி இருக்கிறது; பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்தான் தெரியவில்லை.

உங்கள் வீட்டு இரண்டாவது திறப்பு எங்கே தொங்குகிறது?