டெஸ்டிங் ரெக்கார்டு

போன வாரம் ரெட்டியார்பாளையத்தில் ஒரு கல்யாணம். சவுண்டுக்காரர் லேப்டாப்பைத் திறந்து, மைக்கில் இரண்டு தடவை “ஹலோ, செக்” என்றார். ஸ்பீக்கரைச் சோதிக்க அது போதுமாம். எனக்குப் போதவில்லை. பந்தியில் உட்கார்ந்த பிறகும் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

ரெக்கார்டு ஓடிய காலத்தில், பெரிய மார்க்கெட் பக்கம் பாய் ஒருவரின் சவுண்ட் சர்வீஸில் நான் ஆபரேட்டராக இருந்தவன். பெரிய உத்தியோகம்தான், ஒயர் சுருட்டுவதும் அதில் சேர்த்தி. கல்யாண வீட்டார் கேட்கும் சினிமா ரெக்கார்டு தேயக் கூடாது என்று, சோதனைக்கு யாருமே கேட்காத ஒரு ஜாஸ் ரெக்கார்டை பாய் வைத்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போனது. முதலில் காங்கா தனியாக வரும், வெறுங்கையால் அடிக்கும் தோல் மேளம். அது உருண்டையாக விழுந்தால் ஸ்பீக்கர் பெட்டி சரி. பிறகு ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒரே வாயாக நுழையும். கிழியாமல் வந்தால் குழாய் ஸ்பீக்கர் சரி.

“போதும், எடு.”

“ஒரே ஒருவாட்டி முழுசா கேட்டுக்கறேன் பாய்.”

“கேட்டு என்னா பண்ணப் போற? லோடு ஏத்து.”

மூன்று வருஷம் இப்படி. சோதனைக்கு ஓடும் இரண்டு நிமிஷத்துக்கு அப்புறம் பாட்டு என்ன ஆகிறது என்று தெரியாமல் சோறு இறங்காது. அம்மா இதைக் காதல் என்று நினைத்தாள்.

ஒரு மாப்பிள்ளை அழைப்பன்று பாய் டீ குடிக்கப் போனார். நான் ரெக்கார்டிலிருந்து முள்ளை எடுக்கவில்லை. ட்ரம்பெட் கிளம்பி ஓட, சாக்ஸபோன் துரத்த, பியானோ நடுவில் புகுந்தது. காங்கா அடியில் நின்று ஒருத்தரையும் உட்காரவிடவில்லை. பிறகு எல்லாரும் ஒதுங்கிக்கொள்ள, அது மட்டும் பேச ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை கார் வந்துவிட்டது. மங்கலப் பாட்டு போட வேண்டும். ஆரத்தித் தட்டோடு பெண்கள் என்னையே பார்த்தார்கள். கை போகவில்லை. பாய் ஓடிவந்து முள்ளைப் பிடுங்கினார். கர்ரென்று ஒரு கீறல்.

சாமான் இறக்கி முடித்ததும் சொன்னார்: “உனக்குப் பாட்டு கேக்கணும். எனக்குப் பாட்டு போடுற ஆளு வேணும். நாளையிலேர்ந்து வராத.”

வேலை போனது நியாயம்தான். முடிவு தெரியாமல் போனதுதான் அரித்தது.

பல வருஷம் கழித்து மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது பாயைப் பார்த்தேன். கடையை மூடிவிட்டிருந்தார். நலம் விசாரித்துவிட்டு நகர்ந்தவர் திரும்பி வந்தார்.

“அன்னிக்கு உழுந்த கீறல்ல முள்ளு அங்கியே நின்னுடுதுடா. அந்த மேளக்காரன் அப்புறம் என்னாதான் பண்றான்?”

“தெரியல பாய்.”

இப்போது முழு ரெக்கார்டும் என் போனில் இருக்கிறது. மேளக்காரன் தனியாக அடித்துத் தீர்த்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே அடியில் நிறுத்துகிறார்கள். போய்ச் சொல்லலாம் என்றால் பாய் இல்லை.